முதலாண்டோடு முடிந்துவிடாத பாடம்

செவிலியர் படிப்பில் சேரும் மாணவர் முதல் ஆண்டில் கற்பவை வெளிப்பார்வைக்கு எளியவை. படுக்கை விரிப்பது, எழ முடியாதவரைக் குளிப்பாட்டுவது, வாயைச் சுத்தம் செய்வது, புரட்டிப் படுக்கவைப்பது, உணவூட்டுவது, பெட் பான் வைப்பது, வெப்பநிலையும் நாடியும் மூச்சும் இரத்த அழுத்தமும் பார்த்துக் குறிப்பது, கை கழுவுவது. இவற்றுக்குச் செய்முறைப் புத்தகத்தில் வரிசை எண் போட்ட படிகள் உண்டு. மாணவர் அவற்றை மனப்பாடம் செய்து, பொம்மை உடலின் மீது செய்துகாட்டி, மதிப்பெண் வாங்கிவிடுகிறார். இரண்டாம் ஆண்டில் நோய்களும் அறுவை சிகிச்சைகளும் வருகின்றன. இறுதி ஆண்டில் தீவிர சிகிச்சைப் பிரிவுதான் பெருமைக்குரிய இடமாகத் தெரிகிறது. வேலைக்குப் போனபின், நம் மருத்துவமனைகள் பலவற்றில், முதலாண்டில் கற்ற வேலைகளில் பெரும்பகுதி நோயாளியின் கூட இருப்பவர்களிடமும் வார்டு உதவியாளர்களிடமும் போய்விடுகிறது. செவிலியரிடம் ஊசியும் மாத்திரையும் டிரிப்ஸும் பதிவேடும் மிஞ்சுகின்றன. இந்த ஏற்பாடு நெருக்கடியால் மட்டும் வந்ததல்ல. இந்த வேலைகளுக்குப் பெரிய அறிவு தேவையில்லை என்ற எண்ணமும் அதன் பின்னால் இருக்கிறது. ஆய்வுகள் காட்டுவதோ நேர் எதிரானது. நோயாளி பிழைப்பதும் பிழைக்காததும் பல சமயம் இந்த வேலைகளில்தான் முடிவாகிறது. இவற்றைச் செய்யக் கை போதும், சரியாகச் செய்ய உடலியலும் தொடர்ந்த கவனிப்பும் தீர்மானிக்கும் திறனும் வேண்டும். படிகளாக மட்டும் கற்பித்து, பிறகு கைவிட்டுவிடும் கல்வி தன் தொழிலின் மையத்தையே இழக்கிறது.

மூச்சை எண்ணுவதிலிருந்து தொடங்கலாம். உயிர்க்குறிகள் நான்கில் ஒன்றான அதற்கென்று தனிக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரு கடிகாரமும் ஒரு நிமிடப் பொறுமையும் போதும். ஆனால் உலகெங்கும் மிக அதிகமாகப் புறக்கணிக்கப்படும் குறியும் அதுவே. நாடியையும் அழுத்தத்தையும் இயந்திரம் காட்டிவிடுகிறது. மூச்சுக்கு உரிய கட்டத்தில் 18 அல்லது 20 என்று கண்மதிப்பாக எழுதிவிடும் பழக்கம் பல நாடுகளின் வார்டுகளில் பதிவாகியிருக்கிறது. 1990-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, மருத்துவமனைக்குள் இதயம் நின்றுபோன 64 பேரின் குறிப்புகளைப் பின்னோக்கிப் படித்தது. அவர்களில் 84 விழுக்காட்டினரிடம் முந்தைய 8 மணி நேரத்திலேயே உடல்நிலை சரிந்ததற்கான அடையாளமோ புதிய தொல்லையோ பதிவாகியிருந்தது. திடீரென்று நேர்ந்ததாகக் கருதப்பட்ட மரணங்கள் பல, மணிக்கணக்கில் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டே வந்தன. இங்கிலாந்தில் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் வெளியிட்டு 2017-இல் திருத்திய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறை இந்தப் புரிதலின் மீது எழுந்தது. அதில் நிமிடத்துக்கு 12 முதல் 20 வரையான மூச்சுக்கு மதிப்பெண் இல்லை. 21 முதல் 24 வரை 2. 25-ம் அதற்கு மேலும் 3. ஒரே குறியில் 3 வந்தாலே மருத்துவரை அழைத்து நோயாளியைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அதாவது 18-க்கும் 26-க்கும் இடையில் ஓர் உயிர் இருக்கலாம். கண்மதிப்பாக எழுதிய எண் அந்த இடைவெளியை மூடி மறைத்துவிடுகிறது. கிருமி இரத்தத்தில் பரவும்போதும், உடலில் அமிலம் கூடும்போதும், நுரையீரலில் நீர் கோக்கும்போதும், பல வேளைகளில் அழுத்தம் இறங்குவதற்கு முன்பே மூச்சு வேகமாகிறது. வலிக்கு மார்ஃபின் கொடுத்தவருக்கு அது மந்தமாகிறது. இந்தக் காரணங்கள் தெரிந்த மாணவர் எண்ணாமல் எழுத மாட்டார். நோயாளிக்குத் தெரிந்தால் மூச்சு மாறும் என்பதால், நாடி பிடித்த கையை விடாமலே மார்பைப் பார்த்து முழு நிமிடம் எண்ணுவார். காலையில் 16, மதியம் 20, மாலையில் 23 என்று ஏறும் வரிசையை ஒன்றாகப் படிப்பார். படிகளை மட்டும் கற்றவருக்கு மாலை எண் தனியாக நிற்கும் ஓர் எண்தான்.

எண்ணை இயந்திரம் தரும்போது கவனிப்பு தேவையில்லை என்று நினைப்பதும் சரியல்ல. விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவியைக் கொரோனா காலத்துக்குப் பின் தமிழ் வீடுகளும் அறியும். 2020-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் வெளியிட்ட ஆய்வில், அக்கருவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் தமனி இரத்தமும் சோதிக்கப்பட்டது. உண்மை அளவு 88-க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 விழுக்காடு, கறுப்பின அமெரிக்கரில் 11.7 விழுக்காடு. அந்த எண்களை அப்படியே நம் ஊர்த் தோலுக்குப் பொருத்திவிட முடியாது. ஆனால் கறுத்த தோலில் கருவி கூடுதலாகக் காட்டக்கூடும் என்ற எச்சரிக்கை, தமிழ்நாட்டிலோ யாழ்ப்பாணத்திலோ வார்டில் நிற்கும் மாணவருக்கு நேரடியாக உரியது. பாடப்புத்தகச் சிக்கலும் இதனோடு சேர்ந்ததே. படுக்கைப் புண்ணின் முதல் நிலை, அழுத்தினால் வெளிறாத சிவப்பு என்றே பெரும்பாலான நூல்களில் இருக்கிறது. வெளுத்த தோலைப் பார்த்து எழுதிய வரி அது. கறுத்த தோலில் அந்தச் சிவப்பு தெரியாமலே போகலாம். அந்த இடம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ, கெட்டிப்பட்டோ தொளதொளத்தோ இருக்கிறதா என்று கையால் தொட்டு ஒப்பிட வேண்டும். வலிக்கிறதா என்று கேட்க வேண்டும். உடல் நீலம் பூப்பதை உதட்டின் உட்புறத்திலும் நாக்கிலும் தேட வேண்டும். வெளிறலை இமையின் உள்பக்கத்திலும் உள்ளங்கையிலும் பார்க்க வேண்டும். குளிப்பாட்டுவது செவிலியர் பணியாக ஏன் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை கிடைக்காது. நோயாளியின் முழு உடலையும், முதுகின் கீழ்ப்பகுதி முதல் குதிகால் வரை, பகல் வெளிச்சத்தில் பார்த்துத் தொடுவதற்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு பல நாட்களில் அதுதான்.

படுக்கைப் புண்ணின் வரலாற்றையே எடுத்துக்கொண்டால், சடங்கு எங்கே முடிகிறது, அறிவு எங்கே தொடங்குகிறது என்பது தெளிவாகும். புண் வந்தால் பெரும்பாலும் நோயின் மீதல்ல, பராமரிப்பின் மீதே பழி என்று ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இலேயே எழுதிவிட்டார். ஆனால் எந்தப் பராமரிப்பு காக்கிறது என்பதை அளந்து பார்க்க நூறாண்டு ஆயிற்று. 1962-இல் டோரீன் நார்ட்டனும் உடன் ஆய்வு செய்தவர்களும் முதிய நோயாளிகளிடம் வழக்கமான பூச்சுகளையும் கழுவல்களையும் சோதித்தார்கள். அழுத்தத்தை நீக்கித் திருப்பிப் படுக்கவைப்பதே காப்பது என்று அவர்கள் கண்டார்கள். யாருக்கு ஆபத்து அதிகம் என்று முன்கூட்டிக் கணிக்கும் அளவுகோலும் அதே ஆய்விலிருந்து பிறந்தது. 1987-இல் வந்த பிரேடன் அளவுகோல் உணர்வு, ஈரம், நடமாட்டம், அசைவு, உணவு, உராய்வு என ஆறு கூறுகளாக அதை விரித்தது. இத்தனைக்குப் பின்னும் முதுகில் ஸ்பிரிட் தடவி, பவுடர் போட்டு, எலும்பு துருத்தும் இடங்களை அழுத்தித் தேய்க்கும் ‘பேக் கேர்’ நம் செய்முறை வகுப்புகளிலிருந்து முழுமையாக மறையவில்லை. சிவந்த இடத்தைத் தேய்ப்பது நலிந்த திசுவை மேலும் சிதைக்கும் என்பதால் இன்றைய வழிகாட்டு நெறிகள் அதைத் தவிர்க்கச் சொல்கின்றன. காற்றடைத்த வளையத்தின் மீது உட்காரவைப்பதையும் அவை ஏற்பதில்லை. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும் என்ற பொன்விதியும் ஆய்வுக்கு உள்ளாயிற்று. அமெரிக்காவிலும் கனடாவிலும் 27 முதியோர் பராமரிப்பு இல்லங்களில் 942 பேரிடம் நடந்து 2013-இல் வெளியான சோதனையில், அடர்த்தியான நுரை மெத்தையில் படுத்தவர்களை 2, 3, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பியதில் புண் வருவதில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. விதியை மட்டும் கற்றவர் இதைக் கேட்டால் குழம்புவார், அல்லது இனித் திருப்பவே வேண்டாம் என்று தளர்ந்துவிடுவார். எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே நசுங்கும் திசுவுக்கு இரத்தம் எட்டாமல் போவதே காரணம் என்று அறிந்தவரோ, அந்த முடிவு நல்ல மெத்தைக்கு உரியது, இரும்புக் கட்டிலில் அழுந்திப்போன பழைய பஞ்சு மெத்தைக்கு உரியதல்ல என்று உடனே பிரித்தறிவார். செய்முறை மாறும், காரணம் அவ்வளவு விரைவில் மாறாது.

மூக்குவழிக் குழாயிலும் இதே கதைதான். குழாய் இரைப்பையில் இருக்கிறதா என்று பார்க்க, சிரிஞ்சால் காற்றைச் செலுத்தி வயிற்றின் மீது ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கும் முறை தலைமுறைகளாகச் சொல்லிக்கொடுக்கப்பட்டது. குழாய் நுரையீரலுக்குள் போயிருந்தாலும் அதே போன்ற ஒலி கேட்கக்கூடும். இங்கிலாந்தின் நோயாளி பாதுகாப்பு அமைப்பு 2005-இல் அந்த முறையை நம்பக்கூடாது என்று அறிவித்து, உறிஞ்சி எடுத்த நீரின் அமிலத்தன்மையைத் தாளில் சோதிக்கவும், ஐயம் இருந்தால் எக்ஸ்ரே எடுக்கவும் சொன்னது. நம் வார்டுகளில் காற்றொலி முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. சோதனைத் தாள் கிடைக்காதது ஒரு காரணம் என்றால், இப்படித்தான் செய்ய வேண்டும் என்று சீனியர் சொன்னதைக் கேள்வி கேட்காத பயிற்சி இன்னொரு காரணம்.

வாய்ச் சுத்தம் இவற்றைவிடவும் தாழ்ந்த வேலையாகக் கருதப்படுகிறது. நேரமில்லாத டியூட்டியில் முதலில் விடுபடுவது அதுதான். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில், ஒரு பிரிவினருக்கு ஒவ்வோர் உணவுக்குப் பின்னும் பராமரிப்பாளர்கள் பல் துலக்கிவிட்டார்கள். மற்றப் பிரிவினருக்கு வழக்கம்போல் விட்டுவிட்டார்கள். இரண்டாண்டு தொடர்ந்த அந்த ஆய்வில், துலக்கிவிடப்பட்டவர்களில் 11 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 19 விழுக்காட்டினருக்கும் நிமோனியா வந்தது. வாயில் பெருகும் கிருமி எச்சிலோடு மூச்சுக்குழாயில் இறங்குவதே இதன் பின்னுள்ள காரணம். பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் திறனைப் பார்க்காமல் கஞ்சி ஊட்டுவதும், சாய்ந்து படுத்தபடியே தண்ணீர் கொடுப்பதும், சாப்பிட்ட உடனே படுக்கவைப்பதும் இந்த வழியில்தான் கேடு செய்கின்றன. பெட் பான் கேட்கக் கூச்சப்பட்டு நாளெல்லாம் தண்ணீர் குடிக்காமல் கிடக்கும் பெண்களை நம் வார்டுகளில் எளிதாகக் காணலாம். குடித்ததும் கழிந்ததும் எழுதும் தாளில் குறையும் அளவைக் கண்டதும், கேட்காமலே போய்த் திரை போட்டு உதவத் தெரிந்த செவிலியர் சிறுநீர்த் தொற்றையும் நீரிழப்பையும் அங்கேயே தடுத்துவிடுகிறார்.

கை கழுவுவதைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. வியன்னா பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் 1847 மே மாதம் குளோரின் கரைசலில் கை கழுவச் செய்தபின், முதல் பிரசவப் பிரிவில் ஏப்ரலில் 18.3 விழுக்காடாக இருந்த தாய்மார் இறப்பு கோடையில் 2 விழுக்காட்டை ஒட்டி இறங்கியது. மாணவர்கள் இன்று தவறுவது எப்படிக் கழுவுவது என்பதில் அல்ல, எப்போது என்பதில். உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஐந்து தருணங்களில் இரண்டு, நோயாளியைத் தொடுவதற்கு முன்னும் சுத்தமான செய்முறைக்கு முன்னும் வருகின்றன. தன்னைக் காத்துக்கொள்ளும் உணர்வால் தொட்டபின் பலரும் கழுவுகிறார்கள். நோயாளியைக் காக்கும் ‘முன்’ தருணங்களே விடுபடுகின்றன. கையுறை போட்டுவிட்டால் போதும் என்ற எண்ணமும் அப்படியே. ஒரே கையுறையோடு இரண்டு கட்டிலுக்குப் போகும் கை எதையும் காப்பதில்லை.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் மிக வலுவானது ஆள் பற்றாக்குறை. ஒரு செவிலியர் முப்பது, நாற்பது படுக்கைகளைப் பார்க்கும் இரவு டியூட்டியில் யார் யாரைத் திருப்புவது, யார் யாருக்கு வாய் கழுவுவது? இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்க முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 அறிக்கையே உலகளவில் 59 இலட்சம் செவிலியர் குறைவு என்றது. ஐரோப்பாவின் 9 நாடுகளில் 300 மருத்துவமனைகளையும் 4,22,730 அறுவை சிகிச்சை நோயாளிகளையும் ஆராய்ந்து லிண்டா ஐக்கனும் குழுவினரும் 2014-இல் வெளியிட்ட முடிவு, ஒரு செவிலியருக்கு ஒவ்வொரு நோயாளி கூடுவதும் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுவதோடு தொடர்புடையது என்கிறது. எனவே ஆள் போடாமல் அறிவுரை சொல்வது பயனற்றது. அரசுகளும் தனியார் நிர்வாகங்களும் இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் பற்றாக்குறை என்பது, எதை விடுவது என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையும்கூட. அந்தத் தேர்வை அறிவோடு செய்வதற்குத்தான் இந்தப் படிப்பு அதிகம் தேவைப்படுகிறது. நாற்பது பேரில் யாருக்குப் புண் வரும், யாருடைய மூச்சைப் பத்து மணிக்கு மறுபடி எண்ண வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர் நால்வரைக் காப்பாற்றுவார். தெரியாதவர் நாற்பது பேருக்கும் ஒரே எண்ணை எழுதுவார். இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் 2005 முதல் 2009 வரை நடந்தவற்றை விசாரித்த ராபர்ட் ஃபிரான்சிஸ் 2013-இல் அளித்த அறிக்கையில், எட்டாத இடத்தில் வைக்கப்பட்ட தண்ணீரும், மாற்றாமல் விடப்பட்ட அழுக்குப் படுக்கையும், ஊட்டப்படாத உணவும் திரும்பத் திரும்ப வருகின்றன. அங்கே ஆள் குறைப்பு நடந்தது உண்மை. அதோடு, இவை பெரிய தவறுகள் அல்ல என்று பழகிப்போன மனநிலையும் சேர்ந்துகொண்டது. செல்வ நாட்டிலேயே இப்படி நடக்கும் என்றால், வசதி குறைந்த இடத்தில் கவனம் இன்னும் கூர்மையாக இருக்க வேண்டும்.

உறவினர்தான் இருக்கிறார்களே, அவர்கள் அன்போடு செய்வதைச் செவிலியர் ஏன் பறிக்க வேண்டும் என்று இன்னொரு கேள்வி எழும். பறிக்க வேண்டியதில்லை. அம்மாவுக்கு மகள் ஊட்டுவதில் இருக்கும் ஆறுதலை எந்த ஊழியராலும் தர முடியாது. ஆனால் ஊட்டும்போது வரும் இருமலின் பொருள் மகளுக்குத் தெரியாது, அதைச் செவிலியர்தான் சொல்லித்தர வேண்டும். எந்தக் கோணத்தில் உட்காரவைப்பது, எப்போது நிறுத்துவது, எதைக் கண்டால் ஓடிவந்து அழைப்பது என்று காட்டி, மகள் செய்வதைப் பார்த்துத் திருத்தினால், வீட்டுக்குப் போனபின்னும் அந்தப் பராமரிப்பு தொடரும். வேலையை ஒப்படைக்கலாம், பொறுப்பை ஒப்படைக்க முடியாது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்கே ஆதரவுச் சிகிச்சையைக் கொண்டுபோகிறது. அங்கே செவிலியரின் முதன்மைக் கருவி, குடும்பத்துக்குக் கற்றுக்கொடுக்கும் திறன்தான். மாணவர்களுக்கு இந்தத் திறனைத் தனியாகப் பயிற்றுவிப்பது அரிது.

பட்டம் படித்தவர் பெட் பான் தூக்குவதா என்ற குரல் இவற்றைவிட ஆழமான இடத்திலிருந்து வருகிறது. பிறர் எச்சிலையும் கழிவையும் தொடுவதை இழிவென்று ஒரு சாராரின் தலையில் கட்டிய சமூகம் நம்முடையது. செவிலியர் தொழில் இங்கே நெடுங்காலம் மதிப்பின்றி இருந்ததில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. ஐடா ஸ்கடர் வேலூரில் 1909-இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கியபோதும், 1926-இல் மதராஸ் செவிலியர், தாதியர் சட்டம் பதிவு முறையைக் கொண்டுவந்தபோதும், 1946-இல் வேலூரில் பி.எஸ்சி. நர்சிங் தொடங்கியபோதும், இந்த வேலைக்குப் படிப்பின் கௌரவத்தைச் சேர்ப்பது நோக்கங்களில் ஒன்றாக இருந்தது. கௌரவம் வந்தபின் வேலையை விட்டு விலகுவது அந்த நோக்கத்தைத் தலைகீழாக்குவதாகும். கழிவைப் பார்க்காமல் கறுத்த மலம் குடலில் இரத்தக் கசிவைக் காட்டுவதை யார் கண்டுபிடிப்பது? யூரின் பேக்கில் மணிக்கு எவ்வளவு சேர்கிறது என்று பார்க்காமல் சிறுநீரகம் தளர்வதை யார் சொல்வது? ஐக்கனின் அதே ஆய்வில், பட்டம் பெற்ற செவிலியர் விகிதம் 10 விழுக்காடு கூடியபோது இறப்பு வாய்ப்பு 7 விழுக்காடு குறைந்திருந்தது. படித்தவர் நோயாளியின் அருகே நிற்பதால் வரும் பயனாகவே இதை நான் வாசிக்கிறேன். அருகிலிருந்து விலகினால் அந்தப் பட்டம் நோயாளிக்கு எப்படி உதவும் என்று விளங்கவில்லை.

படிகளின் பட்டியலை இவ்வளவு குறைத்துப் பேசலாமா என்றும் கேட்கலாம். தொடக்க மாணவருக்குப் படிகள் வேண்டும். கிருமி நீக்கிய கட்டு மாற்றுவதில் வரிசை தவறினால் தொற்று வரும். உணவு, கழிவு, நடமாட்டம், சுத்தம் ஆகியவற்றில் செவிலியர் செய்பவற்றின் பயனைத் தொகுத்துப் பார்த்த 2018-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஆய்வு, நம்பத்தக்க சோதனைகள் மிகக் குறைவு என்றே சொன்னது. சான்று மெலிந்த இடத்தில் மரபைப் பின்பற்றுவதில் தவறில்லை. ஆனால் மரபு எது, சோதித்தது எது என்று மாணவருக்குச் சொல்லிவிட வேண்டும். பொம்மை உடலில் பயிற்சியும் வீணல்ல. அமெரிக்காவில் 10 கல்லூரிகளில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், வார்டு நேரத்தில் பாதிவரை நல்ல முறையில் நடத்திய பாவனைப் பயிற்சியால் ஈடுசெய்தபோதும் மாணவர் தேர்ச்சி குறையவில்லை. ‘நல்ல முறையில்’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது: தேர்ந்த ஆசிரியர்கள், ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் ஏன் அப்படிச் செய்தாய் என்ற உரையாடல். இந்திய நர்சிங் கவுன்சிலின் திருத்திய பி.எஸ்சி. பாடத்திட்டம் 2021 முதல் எட்டுப் பருவங்களாக, பாவனைப் பயிற்சியோடு நடைமுறைக்கு வந்தது. அடிப்படைப் பராமரிப்பு அதில் முதல் இரு பருவங்களில் இருக்கிறது. உரையாடலுக்கு நேரம் ஒதுக்கப்படாவிட்டால், விலையுயர்ந்த பொம்மையும் மனப்பாடத்துக்கே உதவும்.

செய்ய வேண்டியவை பெரும் செலவு கேட்பவை அல்ல. செய்முறைத் தேர்வில் படுக்கைக் குளியலின் படிகளைக் கேட்பதோடு, குளிப்பாட்டும்போது கண்டது என்ன, அதை யாரிடம் எந்தச் சொற்களில் தெரிவிப்பாய் என்றும் கேட்கலாம். இறுதி ஆண்டில் ஒரு மாதமாவது மாணவரை ஒரே நோயாளியின் முழுப் பராமரிப்புக்கும், வாய்ச் சுத்தம் முதல் வீட்டுக்கு அனுப்பும் அறிவுரை வரை, பொறுப்பாக்கலாம். காற்றொலிச் சோதனை, ஸ்பிரிட் தேய்ப்பு போன்றவற்றைப் பாடநூலிலிருந்து நீக்கி, ஏன் நீக்கினோம் என்பதை அதே பக்கத்தில் எழுதலாம். கறுத்த தோலின் படங்களை முதல் பக்கங்களில் போடலாம். கல்லூரி நடத்துவோரும் பாடம் எடுப்போரும் அடுத்த கல்வியாண்டுக்குள் இவற்றில் ஒன்றையாவது தொடங்க வேண்டும். இந்தப் படிப்பில் இப்போதுதான் சேர்ந்திருக்கும் மாணவர் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. இன்று வார்டில் எழுதப்போகும் மூச்சின் எண்ணை ஒரு முழு நிமிடம் எண்ணிவிட்டு எழுதுங்கள்.